குடிநோய்க்கு மூளைத் தூண்டல் சிகிச்சை: கருவி வைத்து வைராக்கியத்தைக் கூட்ட முடியுமா?

கேள்வி: வீரவநல்லூர் தங்கை

அனைவருக்கும் வணக்கம். என் உடன்பிறந்த அண்ணனுக்காக இதைக் கேட்கிறேன். அவருக்கு 39 வயது. ராதாபுரம் பக்கத்துக் காற்றாலைகளில் 16 ஆண்டுகளாகப் பராமரிப்பு வேலை பார்க்கிறார். வார நாட்களில் வள்ளியூரில் அறை எடுத்துத் தங்கிவிட்டு, சனிக்கிழமை இரவு வீட்டுக்கு வருவார். கோபுரத்தில் ஏறும் நாளில், ஏறி இறங்கும் வரை ஒரு சொட்டுக்கூடத் தொடமாட்டார். இடுப்பு வாரையும் கொக்கியையும் இரண்டு முறை இழுத்துப் பார்த்த பிறகே ஏணியில் கால் வைப்பார் என்று அவருடன் வேலை செய்பவர்கள் சொல்கிறார்கள். அத்தனை கவனமான மனிதர் மாலை ஆறு மணியானதும் வேறொருவர் ஆகிவிடுகிறார். கடந்த இரண்டு ஆண்டுகளாகக் காலையிலேயே கை நடுங்குகிறது. காபி டம்ளரை ஒரு கையால் பிடிக்க முடியாமல், துண்டைச் சுற்றி இரு கைகளாலும் ஏந்திக் குடிப்பதை என் கண்ணாலேயே பார்த்தேன்.

எங்கள் வீட்டில் எல்லோரையும் குழப்புவது ஒன்று உண்டு. நான்கு ஆண்டுகளாகக் கார்த்திகை முதல் தேதி மாலை போட்டு, 41 நாட்கள் ஒரு வாய்கூடக் குடிக்காமல் சபரிமலைக்குப் போய் வருகிறார். மாலையைக் கழற்றிய அன்று மாலையே தொடங்கிவிடுகிறார். “சாமிக்காக முடிந்தது பெண்டாட்டி பிள்ளைகளுக்காக ஏன் முடியவில்லை, வைராக்கியம் இல்லாத மனிதன்” என்று என் அம்மா அழுகிறார். என் மதினியும் இப்போது அப்படித்தான் நினைக்கத் தொடங்கியிருக்கிறார். சென்ற கார்த்திகையில் மாலை போட்ட மறுநாள் விடியற்காலையில் கால்வாய்ப் படித்துறையில் குளிக்கும்போது வலிப்பு வந்து விழுந்தார். அருகில் இருந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். பனியினாலும் வெறும் வயிற்றாலும் வந்தது என்று பெரியவர்கள் சொன்னார்கள். அதன் பிறகு வரவில்லை.

வெளியூரில் உள்ள ஒரு தனியார் மையத்தில் விசாரித்தோம். நெற்றிப் பகுதிக்கு மேலே கருவியை வைத்து மூளையைத் தூண்டினால் சுயகட்டுப்பாடு கூடும் என்றும், கத்தியும் ஊசியும் மயக்க மருந்தும் தேவையில்லை என்றும், பத்து நாட்களில் முடிந்துவிடும் என்றும் சொன்னார்கள். ஆர்.டி.எம்.எஸ்., டி.டி.சி.எஸ். என்று இரண்டு பெயர்களைச் சொன்னார்கள். இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டதற்குத் தெளிவான பதில் கிடைக்கவில்லை. அம்மாவோ, பழைய படங்களில் காட்டுவதுபோலத் தலையில் கரண்ட் வைக்கப்போகிறார்கள் என்று பயப்படுகிறார். இது உண்மையில் என்ன? இதனால் ஒருவரின் மனக்கட்டுப்பாடு கூடுமா? என் அண்ணனை அழைத்துச் செல்லலாமா? விவரம் தெரிந்த அண்ணாச்சிகளும் அக்காமார்களும் சொல்லுங்கள்.

பதில்: பாளைவாசி

தங்கச்சி, நான் மருத்துவ உளவியலாளராகக் குடிநோய்ப் பிரிவுகளில் 14 ஆண்டுகள் வேலை செய்தவள். இப்போது பாளையங்கோட்டையில் இருக்கிறேன். மனநல மருத்துவர் நேரில் பார்த்துச் சொல்ல வேண்டியதை நான் எழுத்தில் சொல்ல முடியாது. ஆனால் அவரிடம் போகும்முன் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை எழுதுகிறேன்.

முதலில் வலிப்பு. உங்கள் பதிவில் இரண்டு மூன்று வரிகளில் சொல்லிவிட்டுப் போன அதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான செய்தி. ஆண்டுக்கணக்கில் தினமும் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால், கடைசியாகக் குடித்த ஆறு மணி நேரத்திலிருந்து இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரக்கூடும். மூன்றாம் நான்காம் நாட்களில் சிலருக்கு உடல் முழுதும் நடுங்கி, இல்லாதவை கண்ணுக்குத் தெரிந்து, ஊர் பேர் தெரியாமல் பிதற்றும் நிலை வரும். கவனிக்காமல் விட்டால் அது உயிரையே வாங்கும். அவர் படித்துறையில் விழுந்தது மாலை போட்ட மறுநாள் விடியலில். அந்த நேரக் கணக்கு குடியை நிறுத்தியதால் வரும் வலிப்போடு அப்படியே பொருந்துகிறது. பனி என்று நினைத்து ஆறுதல் அடைந்துவிடாதீர்கள். இனி அவர் வீட்டிலேயே திடீரென்று நிறுத்தக் கூடாது, எந்தச் சாமிக்காகவும் கூடாது. மாலை போடுவதாக இருந்தால் அதற்கு இரண்டு வாரம் முன்பே மருத்துவரின் கண்காணிப்பில் நிறுத்திவிட்டு, பிறகு போடட்டும்.

தூண்டல் சிகிச்சைக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. காந்தத் தூண்டலால் வலிப்பு வருவது மிக அரிது. ஆயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவாகவே வரும். ஆனால் ஏற்கெனவே வலிப்பு வந்தவருக்கும், குடியை நிறுத்திச் சில நாட்களே ஆனவருக்கும் அந்த அபாயம் கூடுதல். பத்து நாட்களில் முடித்துவிடலாம் என்று சொன்னவர்கள் வலிப்பு வந்ததுண்டா என்று உங்களிடம் கேட்டார்களா? கேட்காமலே நாள் குறித்திருந்தால், அங்கே போவதைத் தள்ளிப்போடுங்கள்.

அடுத்தது உங்கள் அம்மாவின் பயம். அவர் நினைக்கும் மின்னதிர்ச்சி சிகிச்சையில் (இ.சி.டி.) மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் கொடுத்து, 800 மில்லி ஆம்பியர் அளவிலான மின்னோட்டத்தால் வேண்டுமென்றே ஒரு வலிப்பை உண்டாக்குவார்கள். கடும் மனச்சோர்வில் உயிர் காக்கும் சிகிச்சை அது. படங்கள் அதற்குப் பெரிய அநியாயம் செய்துவிட்டன. உங்களிடம் சொல்லப்பட்ட இரண்டும் அதுவல்ல. டி.டி.சி.எஸ். என்பதில் உப்புநீரில் நனைத்த பஞ்சு உறைகளுக்குள் இரண்டு மின்முனைகளை வைத்துத் தலையில் பட்டையால் கட்டி, 1 அல்லது 2 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தைச் சுமார் 20 நிமிடங்கள் செலுத்துவார்கள். தோலில் எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். சிலருக்கு அரிப்பும் லேசான சிவப்பும் வரும். ஆர்.டி.எம்.எஸ். என்பது காந்தம், அதில் தலைக்கு மின்கம்பி எதுவும் வைப்பதில்லை. இரண்டிலும் ஆள் விழித்துக்கொண்டு, பேசிக்கொண்டுதான் இருப்பார்.

இனி வைராக்கியத்துக்கு வருகிறேன். நாம் ஒரே சொல்லில் சொல்லிவிடும் மனக்கட்டுப்பாட்டுக்குள் குறைந்தது மூன்று வேலைகள் இருக்கின்றன. குடிக்கும் தவிப்பு எவ்வளவு வலிமையாக எழுகிறது என்பது ஒன்று. எழுந்த பிறகு நீளும் கையை நிறுத்த முடிகிறதா என்பது இரண்டாவது. இன்றைக்குக் கிடைக்கும் சுகத்தையும் அடுத்த மாதம் கிடைக்கப்போகும் நன்மையையும் மனம் எந்தத் தராசில் நிறுக்கிறது என்பது மூன்றாவது. இவற்றில் நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளையின் பகுதிகளுக்குப் பெரும் பங்கு இருக்கிறது. நீண்டகாலக் குடி சேதப்படுத்துவதும் அதே பகுதிகளைத்தான். நிறுத்து என்று சொல்ல வேண்டிய இடமே பழுதாகிக் கிடக்கும்போது, ஏன் நிறுத்தவில்லை என்று ஒருவரைத் திட்டிப் பயனில்லை. குடியை விட்ட சில வாரங்களிலிருந்து மாதங்களுக்குள் அப்பகுதிகள் ஓரளவு தேறுகின்றன என்பது ஆறுதலான உண்மை. தூண்டல் சிகிச்சையின் எண்ணம், முன்மூளையின் பக்கவாட்டுப் பகுதியை நாள்தோறும் தூண்டி, அந்த நிறுத்தும் வேலைக்கு வலுச் சேர்ப்பதுதான்.

அது பலித்ததா என்று கேட்டால், ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. நம் நாட்டிலேயே, ராஞ்சியில் உள்ள மத்திய மனநல நிறுவனத்தில் 45 பேரிடம் நடத்திய ஆய்வு 2010-இல் வெளிவந்தது. வலப்பக்க முன்மூளையில் பத்து அமர்வுகள் காந்தத் தூண்டல் பெற்றவர்களுக்கு, கருவியை வைத்தும் உண்மையில் தூண்டாமல் விட்டவர்களைவிடக் குடிக்கும் தவிப்பு தெளிவாகக் குறைந்தது. பிரேசிலில் 2014-இல் வெளிவந்த மின்தூண்டல் ஆய்வில் ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, உண்மையான தூண்டல் பெற்ற 16 பேரில் 8 பேர் குடிக்காமல் இருந்தார்கள். போலித் தூண்டல் பெற்ற 17 பேரில் 2 பேர் மட்டுமே அப்படி இருந்தார்கள். கேட்க இனிக்கிறது. ஆனால் அதே நாட்டில் அதற்கு முந்தைய ஆண்டு வெளிவந்த ஒரு சிறிய ஆய்வில், தூண்டல் பெற்றவர்களுக்குத் தவிப்பு குறைந்தது. இருந்தும் அவர்களில்தான் அதிகம் பேர் மறுபடி குடித்தார்கள். தவிப்பு குறைவதும் குடி நிற்பதும் ஒன்றல்ல என்பதை நான் அந்த ஆய்விலிருந்தே கற்றுக்கொண்டேன். சுவீடனில் மூளையின் இன்சுலா என்ற ஆழமான பகுதியைக் குறிவைத்து 56 பேரிடம் நடத்திய ஆய்வு 2020-இல் வந்தது. இரு குழுவினருமே குடியைக் குறைத்தார்கள், உண்மைத் தூண்டலுக்கும் போலித் தூண்டலுக்கும் வேறுபாடு இல்லை. 2022-இல் 51 பேரை வைத்து வந்த ஆய்வில், முன்மூளையின் நடுப்பகுதியை மூன்று வாரம் ஆழமாகத் தூண்டி, அடுத்த மூன்று மாதங்களுக்கு இடையிடையே மறுபடியும் தூண்டினார்கள். மிகுதியாகக் குடித்த நாட்களின் பங்கு, தூண்டல் பெற்றவர்களிடம் 2.9 சதவீதமாகவும் மற்றவர்களிடம் 10.6 சதவீதமாகவும் இருந்தது.

எல்லாமே சிறிய ஆய்வுகள் என்பதைக் கவனியுங்கள். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு காந்தத் தூண்டலை மனச்சோர்வுக்கு 2008-இலும், ஓ.சி.டி. எனப்படும் எண்ணச் சுழற்சி நோய்க்கு 2018-இலும், புகைப்பழக்கத்தை விடுவதற்கு 2020-இலும் அனுமதித்தது. குடிநோய்க்கு அப்படியோர் அனுமதி இல்லை. ஆகவே இதை நான் ஏமாற்று என்று சொல்லமாட்டேன். முதல் சிகிச்சை என்றும் சொல்லமாட்டேன். பிற சிகிச்சைகளின் மேல் சேர்க்கக்கூடிய ஒன்று என்பதே என் கருத்து.

பதில்: ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், சேரன்மகாதேவி

மேலே பாளைவாசி அம்மா எழுதியதில் கருவிகள் வேலை செய்யும் முறையை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் எப்படி என்று புரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

காந்தத் தூண்டலின் அடிப்படை 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்ட மின்காந்தத் தூண்டல் விதி. மாறும் காந்தப்புலம் அருகிலுள்ள கடத்தியில் மின்னோட்டத்தை உண்டாக்கும். உங்கள் அண்ணன் 16 ஆண்டுகளாகப் பழுது பார்க்கும் காற்றாலை ஜெனரேட்டரும் இதே விதிப்படிதான் மின்சாரம் தருகிறது. எட்டு வடிவில் சுற்றிய கம்பிச்சுருளைத் தலைக்கு மேல் வைத்து, கண்ணிமைக்கும் நேரத்தைவிட மிகக் குறைவான நேரத்துக்குப் பெரும் மின்னோட்டத்தைச் சுருளுக்குள் பாய்ச்சுகிறார்கள். அப்போது எழும் 1.5 முதல் 2 டெஸ்லா வரையிலான காந்தப்புலம் தோலையும் மண்டையோட்டையும் தடையின்றிக் கடந்து, இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில் நரம்புச் செல்களில் சிறு மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆண்டனி பார்க்கர் குழுவினர் 1985-இல் இதை முதன்முதலாக மனித மூளையில் செய்து காட்டினார்கள். விநாடிக்குப் பத்து முறை என்ற வேகத்தில் தூண்டினால் அப்பகுதியின் செயல்பாடு பொதுவாகக் கூடுகிறது. விநாடிக்கு ஒரு முறை என்றால் குறைகிறது.

டி.டி.சி.எஸ். வேறு வகை. அந்த மெல்லிய மின்னோட்டத்துக்கு ஒரு நரம்புச் செல்லைத் தானாக வேலை செய்யவைக்கும் வலிமை கிடையாது. நம் தாமிரபரணிப் பாசனத்தில் மடைப் பலகையைச் சற்றே உயர்த்தி வைப்பதற்கு அதை ஒப்பிடலாம். பலகையை உயர்த்தியதனால் தண்ணீர் பிறந்துவிடாது. கால்வாயில் தண்ணீர் வரும்போது வயலுக்குள் பாய்வது எளிதாகும், அவ்வளவே. ஜெர்மனியில் நிட்சேவும் பவுலஸும் 2000-ஆம் ஆண்டு வாக்கில் செய்த சோதனைகளில், பத்துப் பதினைந்து நிமிட மின்னோட்டத்தின் விளைவு ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் வரை நீடித்தது. அதனால்தான் ஒரே அமர்வில் யாரும் நிறுத்துவதில்லை. அந்த நேரத்தில் மனத்துக்கு ஒரு பயிற்சியும் கொடுத்தால் நல்லது என்ற எண்ணமும் அங்கிருந்தே வந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டி.டி.சி.எஸ். கருவி எளியது, ஆதலால் இணையத்தில் வாங்கியோ மின்கலத்தைக் கொண்டு தாமே செய்தோ வீட்டில் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். பஞ்சு காய்ந்துபோனால் மின்னோட்டம் ஒரு புள்ளியில் குவிந்து தோல் வெந்துவிடும். உங்கள் அண்ணனுக்கு மின்வேலை தெரியும் என்பதாலேயே இதைக் குறிப்பிடுகிறேன். அவர் அதில் இறங்க வேண்டாம். உலோகத்தைத் தேய்க்கும் வேலையும் செய்பவர் என்றால், கண்ணிலோ தலையிலோ எப்போதாவது இரும்புத்துகள் பாய்ந்ததுண்டா என்பதையும் மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள். காந்தத்தின் அருகே அதுவும் முக்கியம்.

பதில்: பேட்டைக்காரர், குடியை விட்டு 4 ஆண்டு 7 மாதம்

தங்கச்சி, நான் மருத்துவன் இல்லை. உங்கள் அண்ணன் இருக்கும் இடத்தில் 11 ஆண்டுகள் இருந்தவன். இந்தக் காந்தச் சிகிச்சையை 15 நாட்கள் எடுத்தவன். அதனால் எழுதுகிறேன்.

எனக்கு முதலில் மருத்துவமனையில் சேர்த்து, நடுக்கத்துக்கு மாத்திரையும் வைட்டமின் பி1 ஊசியும் போட்டு, பத்து நாட்கள் கழித்தே தூண்டலைத் தொடங்கினார்கள். முதல் நாள் நாற்காலியில் உட்காரவைத்துச் சுருளைத் தலையின் ஒரு இடத்தில் வைத்து அழுத்தியபோது, நான் அசைக்காமலே என் கட்டைவிரல் துள்ளியது. எனக்கு எவ்வளவு வலிமை தேவை என்பதை அந்தத் துள்ளலை வைத்தே கணக்கிடுகிறார்கள் என்று பிறகு விளக்கினார்கள். காதில் பஞ்சு வைத்திருந்தும், மரங்கொத்தி தலையில் உட்கார்ந்து கொத்துவதுபோல் டக்டக்கென்று சத்தம். நெற்றித் தசை இழுக்கும். முதல் மூன்று நாட்கள் தலைவலி இருந்தது, பிறகு பழகிவிட்டது.

என்ன மாறியது என்று கேட்டால், ஆசை போகவில்லை. இரண்டாவது வாரத்தில் ஆசைக்கும் கைக்கும் நடுவில் ஒரு மூச்சு விடும் அளவுக்கு இடைவெளி கிடைத்தது. முன்பெல்லாம் கடை வாசலில் நின்ற பிறகுதான், எப்படி வந்தேன் என்று எனக்கே நினைவு வரும். இப்போது வண்ணார்பேட்டையில் பேருந்து நிற்கும்போதே, “இறங்கப் போகிறாய்” என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. அந்த இடைவெளியில் நான் என்ன செய்கிறேன் என்பதைக் கருவி தீர்மானிக்கவில்லை. மனைவிக்குத் தொலைபேசியில் பேசினேன், சில நாள் அடுத்த நிறுத்தம் வரை கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். பிறகு பேருந்தையே மாற்றினேன், சுற்றுவழிதான் என்றாலும்.

மூன்றாம் மாதம் விழுந்தேன். சொந்த ஊரில் சுடலைமாடன் கோயில் கொடை. சாமியாட்டம் முடிந்து, படப்புச் சோறு பரிமாறும்போது சித்தப்பா மகன், “இன்றைக்கு ஒரு நாள்தானே அண்ணே” என்று டம்ளரை நீட்டினான். அவன் மேல் குற்றமில்லை; அன்பாகத்தான் நீட்டினான். இரண்டு நாட்கள் குடித்தேன். மூன்றாம் நாள் மருத்துவரிடம் போனபோது அவர் முகம் சுளிக்கவில்லை. மருந்தை, குடிக்கும் தவிப்பைக் குறைக்கும் நால்ட்ரெக்ஸோனுக்கு மாற்றினார், வாரம் ஒருமுறை ஆலோசனைக்கு வரச் சொன்னார். குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்கும் அப்போதுதான் போகத் தொடங்கினேன். அதன் பிறகு தொடவில்லை. அடுத்த ஆண்டு கொடைக்குப் போகாமல், பணம் மட்டும் கட்டினேன். அதற்கு அடுத்த ஆண்டிலிருந்து காலையில் போய்க் கும்பிட்டுவிட்டு மதியமே திரும்பிவிடுகிறேன்.

மாலை போட்டால் உங்கள் அண்ணனால் முடிகிறதே என்ற கேள்விக்கு என் பதில் இது. மாலை போட்ட நாளில் அவருக்குப் பெயரே சாமி. உடுப்பு வேறு, படுக்கை வேறு, விடியலில் குளிர்ந்த குளியல், மாலையில் பஜனை. எதிரே வருபவன்கூட “சாமி சரணம்” என்றுதான் வாய் திறப்பான். ஒருவன் காலை வைக்க வேண்டிய பிரேக்கில் ஊரே சேர்ந்து காலை வைத்து அழுத்துகிறது. கழற்றிய அன்று எல்லோரும் ஒரே நேரத்தில் காலை எடுத்துவிடுகிறார்கள். நானும் மூன்று முறை மாலை போட்டவன், அதனால் தெரியும். வைராக்கியம் இல்லாதவர் என்று உங்கள் அம்மாவும் மதினியும் சொல்வதைத் தயவுசெய்து நிறுத்தச் சொல்லுங்கள். அந்தச் சொல் என்னை ஒருநாளும் நிறுத்தியதில்லை, கடைக்குத்தான் அனுப்பியது.

கேள்வி கேட்டவர்: வீரவநல்லூர் தங்கை

அக்காவுக்கும் ஐயாவுக்கும் அண்ணாச்சிக்கும் நன்றி. வலிப்பைப் பற்றிப் படித்ததும் கை கால் பதறிவிட்டது. அந்த மையத்தில் யாரும் அதைக் கேட்கவில்லை, நானாகவும் சொல்லவில்லை.

இரண்டு கேள்விகள் மீதம் இருக்கின்றன. அண்ணன் சிகிச்சைக்கே வரமாட்டேன் என்கிறார். வராவிட்டால், சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கும் பொடி ஒன்று இருப்பதாக உறவினர் ஒருவர் சொல்கிறார், கொடுக்கலாமா? அவர் வருவதற்குச் சம்மதித்தால், தூண்டல் சிகிச்சையை எந்தக் கட்டத்தில் கேட்பது?

பதில்: பேட்டைக்காரர்

பொடி வேண்டவே வேண்டாம், தங்கச்சி. என் வீட்டில் அப்படித்தான் மோரில் கலந்தார்கள். அது தெரியாமல் அன்று இரவு நான் மது குடித்தேன். முகமெல்லாம் நெருப்பாய்ச் சிவந்து, நெஞ்சு படபடத்து, தலை வெடிப்பதுபோல் வலித்து, வாந்தி எடுத்துச் சுருண்டு விழுந்தேன். பிழைத்தது மறுபிறப்பு. அதைவிடப் பெரிய இழப்பு, அதன் பிறகு எட்டு மாதம் வீட்டில் யார் கையாலும் மோர் வாங்கிக் குடிக்க எனக்கு மனம் வரவில்லை.

பதில்: பாளைவாசி

அண்ணாச்சி எழுதியதை அப்படியே வழிமொழிகிறேன். பெயர் தெரியாத அத்தகைய பொடிகளில், குடித்தால் உடலை இப்படிப் படுத்தும் டைசல்ஃபிரம் கலந்திருக்க வாய்ப்புண்டு. அது முறையான மருந்துதான். நோயாளிக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, கல்லீரலையும் இதயத்தையும் சோதித்து, கடைசியாகக் குடித்துக் குறைந்தது 12 மணி நேரம் ஆன பிறகே தர வேண்டிய மருந்து. அதை நிறுத்திய பின்னும் இரண்டு வாரம் வரை குடியோடு மோதும். மறைத்துக் கொடுப்பது ஆபத்து மட்டுமல்லாமல் உரிமை மீறலும்கூட. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் குடியால் வரும் மனநிலைப் பாதிப்புகளையும் தன் வரையறைக்குள் வைத்திருக்கிறது. தன் சிகிச்சையைப் பற்றி முடிவெடுக்கும் திறன் உள்ளவரை, முடிவு அவருடையது. தூண்டல் சிகிச்சைக்கும் அதே விதிதான். விருப்பமில்லாதவரை நாற்காலியில் உட்காரவைத்துச் சுயகட்டுப்பாட்டை வளர்க்கப் பார்ப்பது பொருளற்ற வேலை.

வரமாட்டேன் என்பவரை வரவைப்பதற்கு என் அனுபவத்தில் உதவியது ஒன்று உண்டு. குடியைப் பற்றிப் பேசாமல், அவரே கவலைப்படும் ஒன்றைப் பற்றிப் பேசுங்கள். உங்கள் அண்ணனுக்கு அது கை நடுக்கமாக இருக்கலாம். கருவி பிடிக்கும் கை அது. குடித்திருக்கும் இரவில் பேச வேண்டாம். ஞாயிறு காலையில், பிள்ளைகள் இல்லாத நேரத்தில், ஒருவர் மட்டும் பேசுங்கள். அதற்கு முன் எப்படிப் பேசுவது என்று கேட்க விரும்பினால், அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணிலும் போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446-இலும் குடும்பத்தாரே அழைத்துப் பேசலாம், கட்டணம் இல்லை. நேரில் செல்ல, பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மனநலப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

தூண்டலை எந்தக் கட்டத்தில் கேட்பது என்றால், என் வரிசை இப்படி இருக்கும். முதலில் மருத்துவக் கண்காணிப்பில் குடியை நிறுத்துவது, தயமின் என்ற வைட்டமின் பி1 கொடுப்பது, வலிப்புக்கு வேறு காரணம் இருக்கிறதா என்று பார்ப்பது. அதன் பிறகு நால்ட்ரெக்ஸோன், அக்கம்ப்ரோசேட் போன்ற மருந்துகளில் அவருடைய கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் ஏற்றது எது என்று மருத்துவர் முடிவு செய்வார், கூடவே ஆலோசனை. அந்த அடித்தளம் அமைந்து, தவிப்பு மட்டும் விடாமல் துரத்தினாலோ, மனச்சோர்வும் சேர்ந்திருந்தாலோ, தூண்டலைப் பற்றிக் கேளுங்கள். மனச்சோர்வு இருந்தால் காந்தத் தூண்டலுக்கு ஆதாரம் நன்றாகவே இருக்கிறது. அப்போதும் எந்தப் பகுதியைத் தூண்டப் போகிறார்கள், எத்தனை அமர்வு, வலிப்பு வந்தால் கையாள வசதி இருக்கிறதா, அமர்வுகள் முடிந்த பிறகு மூன்று மாதம் யார் கவனிப்பார்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத இடத்தில் முதல் மூன்றுக்கும் நல்ல பதில் கிடைத்தாலும் நான் அனுப்பமாட்டேன். மூளைத் தூண்டலோடு மனப் பயிற்சியைச் சேர்த்துக் கொடுத்த இடங்களிலும் எல்லாம் பலித்துவிடவில்லை. 2019-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில் 84 பேருக்கு மனவிழிப்புப் பயிற்சியோடு டி.டி.சி.எஸ். கொடுத்துப் பார்த்தார்கள். போலித் தூண்டலைவிடக் கூடுதல் பயன் ஒன்றும் இல்லை. ஆனால் பயிற்சியில் கலந்துகொண்ட இரு குழுவினருமே குடியைக் குறைத்திருந்தார்கள்.

கேள்வி கேட்டவர்: வீரவநல்லூர் தங்கை

நேற்று ஞாயிறு காலையில், அக்கா சொன்னதுபோல, நான் மட்டும் அண்ணனிடம் பேசினேன். நடுக்கத்தைப் பற்றித்தான் தொடங்கினேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, கோபுரத்தின் மேலே ஒரு மறையை இறுக்கும்போது சாவி இரண்டு முறை கைநழுவியது என்று அவரே சொன்னார். அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லையாம். பிறகு இந்தத் தொடரை என் கைப்பேசியிலேயே முழுவதும் படித்தார். ஃபாரடே விதி வந்த இடத்தில் மட்டும் நிமிர்ந்து பார்த்து, “சார் சரியாகத்தான் எழுதியிருக்கார்” என்றார். வியாழக்கிழமை ஹைகிரவுண்டுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை தானாக நிறுத்தக் கூடாது என்று நான் சொன்னதைக் கேட்டு அம்மாவுக்குத்தான் வியப்பு. அண்ணன் உங்களிடம் கேட்கச் சொன்னது ஒன்றே ஒன்று: அதுவரை வேலைக்குப் போய்க் கோபுரம் ஏறலாமா?

பதில்: பாளைவாசி

ஏற வேண்டாம், தங்கச்சி. ஒருமுறை வலிப்பு வந்தவர், நடுக்கம் இருப்பவர், மருத்துவர் பார்த்து எழுதித் தரும்வரை உயரத்தில் ஏறவோ வண்டி ஓட்டவோ தனியாக ஆற்றில் இறங்கவோ கூடாது. வியாழன்வரை விடுப்பு எடுத்து வீட்டிலேயே இருக்கட்டும்; அதற்குள் நடுக்கம் கூடினாலோ, பிதற்றினாலோ, வலிப்பு வந்தாலோ வியாழனுக்குக் காத்திராமல் 108-ஐ அழையுங்கள். மருத்துவரிடம் போகும்போது நீங்களோ மதினியோ உடன் செல்லுங்கள். படித்துறையில் நடந்ததை அருகிலிருந்து பார்த்தவர் யாராவது வர முடிந்தால் இன்னும் நல்லது. எவ்வளவு நேரம் இழுத்தது, நாக்கைக் கடித்தாரா, எழுந்தபின் ஆள் அடையாளம் தெரிந்ததா என்று மருத்துவர் கேட்பார்.